டிஸ்னி வேர்ல்டு விடுமுறை: உள்ளே தங்குவதா, வெளியே தங்குவதா?

ஃப்ளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோ நகரத்துக்குத் தென்மேற்கே, ஏறத்தாழ 100 சதுர கிலோமீட்டர் நிலத்தில் பரந்து கிடக்கிறது வால்ட் டிஸ்னி வேர்ல்டு. மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் என்று நான்கு தீம் பார்க்குகள், இரண்டு நீர்ப் பூங்காக்கள், ஒரு கடைவீதி, இருபத்தைந்துக்கும் மேற்பட்ட ஹோட்டல்கள் எல்லாம் இந்த ஒரே எல்லைக்குள் அடங்குகின்றன. எல்லையைத் தாண்டினால் கிஸ்ஸிமீ, லேக் பியூனா விஸ்டா, இன்டர்நேஷனல் டிரைவ், டேவன்போர்ட் என்று நாலா பக்கமும் ஹோட்டல்களும் வாடகை வீடுகளும். அங்கே விடுமுறைக்குக் கிளம்பும் குடும்பம் முதலில் தீர்மானிக்க வேண்டியது, இந்த எல்லைக்கு உள்ளே தங்குவதா, வெளியே தங்குவதா என்பதை. இரண்டு இடத்து அறை வாடகையையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுப்பவர்கள்தான் அதிகம். அந்த ஒப்பீடு பாதிக் கதையைத்தான் சொல்லும். காலையில் அறைக் கதவைப் பூட்டியதிலிருந்து பூங்கா வாசலைத் தொடும் வரை எத்தனை நிமிடம், மத்தியானம் களைத்துப்போன பிள்ளைகளோடு திரும்பி வர எத்தனை நிமிடம் என்ற கணக்கை முதலில் போட்டால் மற்றதெல்லாம் தெளிவாகும்.

இந்த உள்ளே, வெளியே என்ற பிரிவு எப்படி வந்தது என்பதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. கலிஃபோர்னியாவின் அனஹைமில் 1955 ஜூலையில் டிஸ்னிலேண்ட் திறந்தபோது, பக்கத்தில் சொந்தமாக ஹோட்டல் கட்ட வால்ட் டிஸ்னியிடம் பணமில்லை. ஜாக் ராதர் என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளர் அந்தப் பொறுப்பை ஏற்று, அதே ஆண்டு அக்டோபரில் டிஸ்னிலேண்ட் ஹோட்டலைத் திறந்தார். பெயரில் டிஸ்னி இருந்தாலும் அந்த ஹோட்டல் 1988 வரை டிஸ்னி நிறுவனத்தின் கைக்கு வரவில்லை. பூங்காவுக்கு எதிரே ஹார்பர் புலவார்டு நெடுக மோட்டல்கள் முளைத்தன. பூங்காவைத் தேடி வந்த கூட்டத்தின் பணத்தில் பெரும்பங்கு சாலைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

அந்த அனுபவம்தான் ஃப்ளோரிடாவில் நிலத்தை அவ்வளவு பெரிதாக வாங்க வைத்தது. பெயர் தெரியாத சிறு நிறுவனங்கள் வழியாகச் சதுப்பும் தோப்புமாகக் கிடந்த நிலத்தைச் சத்தமில்லாமல் வாங்கி முடித்துவிட்டு, 1965 நவம்பரில்தான் திட்டத்தை அறிவித்தார்கள். வால்ட் டிஸ்னி 1966 டிசம்பரில் காலமானார். 1971 அக்டோபர் 1 அன்று மேஜிக் கிங்டம் திறந்தபோது, கன்டெம்ப்ரரி, பாலினீஷியன் என்ற இரண்டு ஹோட்டல்களும் அதனுடனேயே திறந்தன. பூங்காவும் படுக்கையும் ஒரே கையில் இருக்க வேண்டும் என்பது முதல் நாளிலிருந்தே இருந்த திட்டம். வளாகத்துக்குள் தங்குபவர்களுக்குக் கிடைக்கும் சலுகைகள் எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. விருந்தினர் எல்லையைத் தாண்டாமல் இருக்கும்வரை அவர் செலவும் எல்லையைத் தாண்டாது.

உள்ளே என்று பொதுவாகச் சொன்னாலும், அதற்குள் பல தரங்கள் உண்டு. ஆல் ஸ்டார் என்ற பெயரில் இருக்கும் மூன்று ஹோட்டல்கள், பாப் செஞ்சுரி, ஆர்ட் ஆஃப் அனிமேஷன் ஆகியவை சிக்கனத் தரம். கரீபியன் பீச், கொரோனாடோ ஸ்பிரிங்ஸ், போர்ட் ஆர்லியன்ஸ் ஆகியவை நடுத்தரம். கன்டெம்ப்ரரி, கிராண்ட் ஃப்ளோரிடியன், பீச் கிளப், அனிமல் கிங்டம் லாட்ஜ் போன்றவை உயர்தரம். சிக்கனத் தரத்தில் கூட்டமில்லாத பருவத்தில் இரவுக்கு 150 டாலர் அளவில் அறை கிடைக்கலாம். கிறிஸ்துமஸ் வாரத்தில் அதே அறை இரு மடங்கைத் தொடும். உயர்தர ஹோட்டல்களில் 500 டாலருக்குக் கீழே அறை கிடைப்பது அரிது.

பணத்தைவிடப் பெரிய வேறுபாடு தூரத்தில் இருக்கிறது. கன்டெம்ப்ரரியிலிருந்து மேஜிக் கிங்டம் வாசலுக்குப் பத்து நிமிட நடை. பாலினீஷியனிலும் கிராண்ட் ஃப்ளோரிடியனிலும் மோனோரயில் வாசலிலேயே நிற்கும். பீச் கிளப்பிலிருந்து எப்காட்டின் பின்வாசலுக்கு நடந்தே போய்விடலாம். ஆல் ஸ்டார் ஹோட்டல்களுக்கோ பேருந்து மட்டும்தான். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தையும் ஓடும் நேரத்தையும் கூட்டினால் அரைமணிக்குக் குறையாது. சில நாள் முக்கால் மணியும் ஆகும். அனிமல் கிங்டம் பூங்காவுக்கு எந்த ஹோட்டலிலிருந்தும் நடந்து போக முடியாது. அதன் பெயரையே தாங்கி நிற்கும் லாட்ஜிலிருந்தும் பேருந்துதான்.

இரண்டுக்கும் நடுவே நிற்பது 2019 செப்டம்பரில் ஓடத் தொடங்கிய ஸ்கைலைனர் என்னும் கம்பிவட ஊர்தி. பாப் செஞ்சுரி, ஆர்ட் ஆஃப் அனிமேஷன், கரீபியன் பீச், ரிவியேரா ஆகிய ஹோட்டல்களை அது எப்காட்டோடும் ஹாலிவுட் ஸ்டூடியோஸோடும் இணைக்கிறது. குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும் தள்ளுவண்டியைப் பேருந்தில் ஏற்ற வேண்டுமானால், பெரும்பாலும் குழந்தையை எழுப்பி வண்டியை மடக்க வேண்டியிருக்கும். ஸ்கைலைனரில் வண்டியை அப்படியே உள்ளே உருட்டிவிடலாம். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு இந்த ஒரு வசதியே ஹோட்டலைத் தீர்மானிக்கப் போதுமானது. குறையும் உண்டு. மின்னல் வெட்டினால் ஸ்கைலைனரை நிறுத்திவிடுவார்கள். ஃப்ளோரிடாவில் கோடைக்காலத்துப் பிற்பகல் இடிமழை ஏறத்தாழ அன்றாட நிகழ்ச்சி.

வெளியே தங்குபவரின் நிலை என்ன? கையில் கார் இருந்து, லேக் பியூனா விஸ்டா பக்கம் ஹோட்டல் எடுத்திருந்தால், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் மூன்றுக்கும் போய்ச் சேர ஆகும் நேரம், உள்ளே ஆல் ஸ்டாரில் தங்கிப் பேருந்து பிடிப்பவருக்கு ஆகும் நேரத்தைவிட அதிகமாக இருக்காது. பல நாள் குறைவாகவே இருக்கும். பார்க்கிங் இடத்திலிருந்து வாசல் பக்கம்தான். மேஜிக் கிங்டம் மட்டும் விதிவிலக்கு. அதன் வாசலில் பொது வாகனங்களுக்கு நிறுத்துமிடம் கிடையாது. ஏரிக்கு இக்கரையில் உள்ள போக்குவரத்து நிலையத்தில் காரை விட்டு, பாதுகாப்புச் சோதனை முடித்து, மோனோரயிலோ படகோ ஏறி அக்கரை சேர வேண்டும். வாடகை டாக்சியும், வெளி ஹோட்டல்களின் இலவச வேனும் பெரும்பாலும் இந்த நிலையத்தோடு நின்றுவிடும். காரை நிறுத்தியதிலிருந்து வாசல் வரை அரைமணிக்கு மேல் ஆவது சாதாரணம். வளாகப் பேருந்துகளோ நேரே வாசலருகே இறக்கிவிடுகின்றன. வெளியே தங்குவதால் வரும் இடைஞ்சலில் பெரும்பகுதி இந்த ஒரு பூங்காவைப் பற்றியதுதான். ஆனால் சின்னப் பிள்ளைகள் அதிகம் கேட்பதும் இந்தப் பூங்காவைத்தான்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகப் பார்க்க வேண்டும் என்றால், அங்கே ஒரு நாள் மிக நீளமானது. வாசல் காலை ஒன்பது மணி சுமாருக்குத் திறக்கும். வாணவேடிக்கை இரவு ஒன்பதை ஒட்டி நடக்கும். இடைப்பட்ட பன்னிரண்டு மணி நேரத்தை, 33 டிகிரி வெயிலிலும் புழுக்கத்திலும், ஐந்து வயதுப் பிள்ளையும் அறுபத்தைந்து வயதுப் பாட்டியும் ஒரே மூச்சில் கடக்க முடியாது. அனுபவப்பட்ட குடும்பங்கள் காலையில் வாசல் திறக்கும்போது நுழைந்து, ஒரு மணிக்கு அறைக்குத் திரும்பி, சாப்பிட்டு, தூங்கி, நீச்சல்குளத்தில் கிடந்துவிட்டு, ஐந்து மணிக்கு மறுபடி போகின்றன. கூட்டமும் வெயிலும் உச்சத்தில் இருக்கும் நேரம் அறையில் கழிந்துவிடும். இது சாத்தியமாக வேண்டுமானால் போகவும் வரவும் தலா அரைமணிக்குள் அடங்க வேண்டும். டேவன்போர்ட் பக்கம் வாடகை வீடு எடுத்தவருக்கு, நான்காம் எண் நெடுஞ்சாலையின் நெரிசலில் மத்தியானம் ஒருமுறை போய்வருவதற்குள் ஓய்வு நேரமே தீர்ந்துவிடும். பதின்வயதுப் பிள்ளைகள் மட்டும் உள்ள குடும்பத்துக்கு இந்தக் கவலையில்லை. அவர்கள் காலையில் நுழைந்தால் இரவுதான் வெளியே வருவார்கள்.

சலுகைகளில் முதன்மையானது முன்னுழைவு. வளாக ஹோட்டல் விருந்தினர்கள் எந்த நாளும் எந்தப் பூங்காவிலும் மற்றவர்களுக்கு 30 நிமிடம் முன்பாக நுழையலாம். கேட்க அற்பமாகத் தோன்றினாலும், செவன் டுவார்ஃப்ஸ் மைன் டிரெயின் போன்ற ஒரு சவாரிக்குப் பிற்பகலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டியிருக்கும்போது, அதைக் காலையில் சில நிமிடங்களில் முடிப்பது பெரிய லாபம். விடியற்காலையில் பிள்ளைகளை எழுப்பிக் கிளப்ப முடிந்தால்தான் இந்த லாபம். பத்து மணிக்கு நிதானமாகக் கிளம்பும் பழக்கமுள்ள குடும்பம் இதற்காக ஒரு டாலர்கூட அதிகம் கொடுக்க வேண்டாம். உயர்தர ஹோட்டல்களில் தங்குபவர்களுக்கு, குறிப்பிட்ட சில இரவுகளில் பூங்கா மூடிய பிறகு இரண்டு மணி நேரம் கூடுதலாக உண்டு. அந்த நேரத்தில் வரிசைகள் வெகுவாகச் சுருங்கிவிடும்.

அடுத்தது முன்பதிவு. வரிசையைக் குறைக்கப் பணம் கட்டி வாங்கும் லைட்னிங் லேன் அனுமதியை, உள்ளே தங்குபவர்கள் வந்திறங்கும் நாளுக்கு 7 நாள் முன்பே, தங்கும் நாட்கள் அனைத்துக்கும் சேர்த்துப் பதிவு செய்துகொள்ளலாம். மற்றவர்களுக்கு ஒவ்வொரு நாளுக்கும் 3 நாள் முன்புதான். உணவகப் பதிவு இரு சாராருக்கும் 60 நாள் முன்பு திறந்தாலும், உள்ளே தங்குபவர் அன்றே தன் முழுத் தங்கலுக்கும் பதிவு செய்யலாம். பூங்கா பார்க்கிங் அவர்களுக்கு இலவசம். வெளியிலிருந்து வருபவர் நாளுக்கு 30 டாலர் அளவில் கட்ட வேண்டும். அந்தச் சீட்டு அன்று முழுக்க நான்கு பூங்காக்களிலும் செல்லும்.

சலுகைகளை நம்பி மட்டும் ஹோட்டலைத் தேர்ந்தெடுப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது: அவை மாறிக்கொண்டே இருக்கின்றன. விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு ஹோட்டல் வரை இலவசமாகக் கொண்டுவந்துவிட்ட மேஜிக்கல் எக்ஸ்பிரஸ் பேருந்து 2005 முதல் ஓடியது. 2022 தொடக்கத்தில் நின்றுபோனது. ஹோட்டலில் இரவு கார் நிறுத்த 2018இல் கட்டணம் வந்தது, 2023இல் போனது. எல்லோருக்கும் இலவசமாக இருந்த, வரிசையைக் குறைக்கும் ஃபாஸ்ட்பாஸ் மறைந்து, அந்த இடத்தில் காசு கொடுத்து வாங்கும் அனுமதி வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் போய்வந்த உறவினர் சொல்லும் ஆலோசனையை அப்படியே பின்பற்றக் கூடாது. இவ்வளவிலும் மாறாமல் நிற்பது தூரம் ஒன்றுதான். கன்டெம்ப்ரரியிலிருந்து மேஜிக் கிங்டம் இன்னும் ஐம்பது ஆண்டு கழித்தும் பத்து நிமிட நடையாகத்தான் இருக்கும்.

இனி பணம். வெளி ஹோட்டல்களின் விளம்பர வாடகை எப்போதும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். அதன்மேல் ரிசார்ட் கட்டணம் ஏறும், வரி ஏறும். டிஸ்னி வளாகத்தின் பெரும்பகுதி அமைந்த ஆரஞ்சு கவுண்டியில் அறை வரி 12.5 சதவீதம், கிஸ்ஸிமீ இருக்கும் ஆசியோலா கவுண்டியில் 13.5 சதவீதம். 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்த அமெரிக்க மத்திய அரசு விதி, கட்டாயக் கட்டணங்களை விளம்பரத் தொகையிலேயே சேர்த்துக் காட்டச் சொல்வதால் முன்பிருந்த குழப்பம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. டிஸ்னி தானே நடத்தும் ஹோட்டல்களில் ரிசார்ட் கட்டணம் கிடையாது.

ஓர் உதாரணக் கணக்கு: நால்வர் உள்ள குடும்பம், ஐந்து இரவு, நான்கு நாள் பூங்கா. கிஸ்ஸிமீயில் அறை 110 டாலர், ரிசார்ட் கட்டணம் 30, இரண்டின்மேலும் வரி. இரவுக்கு ஏறத்தாழ 159. ஐந்து இரவுக்கு 795. பார்க்கிங் 120. மொத்தம் 915 டாலர். உள்ளே சிக்கனத் தரத்தில் அறை 170 டாலர் என்றால் வரியோடு இரவுக்கு ஏறத்தாழ 191. ஐந்து இரவுக்கு 956. முதலில் இரவுக்கு 60 டாலராகத் தெரிந்த வித்தியாசம், ஐந்து இரவுக்கும் சேர்த்தே 41 டாலராகச் சுருங்கிவிட்டது. இத்தோடு முடியவில்லை. வெளியே தங்கினால் வாடகைக் கார் ஏறத்தாழக் கட்டாயம். அதை ஐந்து நாளுக்குச் சேர்த்தால் உள்ளே தங்குவது மலிவாகிவிடும். வெளி ஹோட்டலில் காலை உணவு இலவசமாக இருந்தால் தராசு மறுபடி அந்தப் பக்கம் சாயும், ஏனென்றால் வளாகத்துக்குள் நால்வர் காலைச் சாப்பாட்டுக்கு நாளுக்கு 50 டாலர் ஆவது எளிது. காருக்கும் காலை உணவுக்கும் ஆகும் செலவைச் சேர்க்காத எந்த ஒப்பீடும் உதவாது. தங்கள் ஊரிலிருந்தே சொந்தக் காரில் வருபவருக்கும், விமானத்தில் வந்து இறங்குபவருக்கும் விடை வேறு வேறாக வருவது இதனால்தான்.

ஆறு பேருக்கு மேல் போனால் பேச்சே மாறிவிடும். வளாகத்தின் சாதாரண அறையில் நான்கு பேர்தான் தங்கலாம், சிலவற்றில் ஐந்து. தாத்தா பாட்டியோடு வரும் குடும்பம் இரண்டு அறை எடுத்தாக வேண்டும். அதே பணத்துக்கு, அதைவிடக் குறைவாகவும், டேவன்போர்ட், கிஸ்ஸிமீ பக்கத்துக் குடியிருப்புகளில் நான்கு படுக்கையறை, சமையலறை, துணி துவைக்கும் இயந்திரம், தனி நீச்சல்குளத்தோடு முழு வீடே கிடைக்கும். அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள், ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரை ஆர்லாண்டோவுக்கு அழைத்துப் போகும்போது இந்த வீடுகளைத் தேடுவதற்குச் சமையலறைதான் முதல் காரணம். ஒரு நாள் முழுக்க பூங்காவில் அலைந்து வந்த பெரியவர்களுக்கு இரவில் சூடாகச் சோறும் ரசமும் கிடைப்பதன் அருமையை எந்த ஹோட்டல் சலுகையும் ஈடுசெய்யாது. வாடகை வீடு எடுப்பவர் கவனிக்க வேண்டியவை, இறுதியில் சேரும் துப்புரவுக் கட்டணம், குளிர்காலத்தில் குளத்து நீரைச் சூடாக்கத் தனியாக வாங்கும் தொகை, ரத்து செய்தால் பணம் திரும்புமா என்பவை. ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிப் பருவம் என்பதால் கடைசியாகச் சொன்னது முக்கியம். அறையை மட்டும் பதிவு செய்திருந்தால், வரும் நாளுக்கு 5 நாள் முன்பு வரை டிஸ்னி முழுத் தொகையையும் திருப்பித் தருகிறது.

உள்ளேயே சமையலறை வேண்டுமென்றாலும் வழி இருக்கிறது. ஃபோர்ட் வில்டர்னஸ் காட்டுக்குள் உள்ள கேபின்களில் ஆறு பேர் தங்கலாம், அடுப்பும் உண்டு. உயர்தர ஹோட்டல்களை ஒட்டிய வில்லாக்களை, 1991இல் தொடங்கிய டிஸ்னியின் பங்குத் திட்டத்தில் சேர்ந்தவர்களிடமிருந்து அவர்களது புள்ளிகளை வாடகைக்கு வாங்கிப் பதிவு செய்வோர் நிறைய. நேரடி விலையைவிடக் கணிசமாகக் குறையும், ஆனால் பொதுவாக ரத்து செய்ய முடியாது. சமைக்க விரும்பாத சைவக்காரர்களுக்கு, அனிமல் கிங்டம் லாட்ஜில் உள்ள சனா என்ற உணவகம் ஆறுதல் தரும். ஆப்பிரிக்க, இந்தியச் சுவைகளைச் சேர்த்துத் தரும் அந்த இடம், நான் ரொட்டி வகைகளோடு வரும் சட்னித் தட்டுக்குப் பெயர் பெற்றது.

உள்ளேயும் அல்லாமல் வெளியேயும் அல்லாமல் ஒரு மூன்றாம் வகை இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதில்லை. ஸ்வான், டால்ஃபின் ஹோட்டல்கள் டிஸ்னி நிலத்தில் நிற்கின்றன, நடத்துவது மேரியட். எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கும் நடந்து போகலாம், முன்னுழைவும் உண்டு. ரிசார்ட் கட்டணமும் உண்டு, கார் நிறுத்தவும் காசு. ஆனாலும் பக்கத்து டிஸ்னி ஹோட்டல்களைவிடப் பல நாட்களில் வாடகை வெகுவாகக் குறைவு. டிஸ்னி ஸ்பிரிங்ஸ் கடைவீதியை ஒட்டி நிற்கும் சில ஹோட்டல்களுக்கும் முன்னுழைவு கிடைக்கிறது. நால்வர் குடும்பத்துக்கு விலையும் தூரமும் ஒருசேர ஒத்துவரும் இடம் பெரும்பாலும் இந்த வகையில்தான் அகப்படுகிறது.

அதே ஆர்லாண்டோவில் யுனிவர்சல் பூங்காக்களுக்குக் கணக்கு வேறு. போர்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிஃபிக் ஆகிய மூன்று ஹோட்டல்களில் தங்குவோருக்கு, பழைய இரண்டு பூங்காக்களில் வரிசையைத் தாண்டிச் செல்லும் எக்ஸ்பிரஸ் அனுமதி அறையோடு இலவசம். வந்திறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அதில் சேரும் என்பதால், ஓர் இரவு தங்கினால் இரண்டு நாள் அனுமதி. தனியே வாங்கினால் கூட்டமான நாளில் ஒருவருக்கே 200 டாலரைத் தாண்டும். நால்வருக்குக் கணக்கிட்டால் அறை இனாமாக வந்தது போலத்தான். 2025 மே 22 அன்று திறந்த எபிக் யுனிவர்ஸ் என்னும் புதிய பூங்காவில் இந்த அனுமதி செல்லாது.

ஆர்லாண்டோவின் விதியை வேறு ஊருக்குக் கொண்டுபோகவும் கூடாது. அனஹைமில் ஹார்பர் புலவார்டின் மோட்டல்கள் சில, டிஸ்னிலேண்டின் வாசலுக்கு டிஸ்னிலேண்ட் ஹோட்டலைவிடவே பக்கம். அங்கே வெளியே தங்குவதால் தூரத்தில் நஷ்டமே இல்லை. பாரிஸுக்கு அருகே 1992 ஏப்ரலில் டிஸ்னி பூங்கா திறந்தபோது, ஆர்லாண்டோவைப் போலவே நடக்கும் என்று நம்பி 5,000க்கு மேற்பட்ட அறைகளைக் கட்டினார்கள். நகரத்திலிருந்து ரயிலேறினால் நாற்பது நிமிடத்தில் பூங்கா வாசலிலேயே இறங்கலாம் என்றிருக்க, பாரிஸில் தங்கி ஒரு நாள் மட்டும் வந்துபோனவர்கள் பலர். அறைகள் காலியாகக் கிடந்தன, நிறுவனம் கடனில் மூழ்கி 1994இல் நிதியைச் சீரமைக்க வேண்டியதாயிற்று. ஒரு பூங்காவுக்காக நான்கு நாள் தங்கும் வழக்கம் ஐரோப்பியக் குடும்பங்களிடம் அப்போது இல்லை.

டிஸ்னியோடு யுனிவர்சல், கென்னடி விண்வெளி மையம், லெகோலேண்ட் எல்லாம் சேர்த்துப் பார்க்கத் திட்டமிட்டிருப்பவர்கள் முழு வாரமும் டிஸ்னி வளாகத்துக்குள் தங்குவது வீண். கார் எடுத்து வெளியே தங்கிவிட்டு, டிஸ்னி நாட்களுக்கு மட்டும் ஓர் இரவோ இரண்டோ உள்ளே மாறுவது நல்ல உத்தி. முன்னுழைவு வந்திறங்கும் நாளிலும் கிளம்பும் நாளிலும் செல்லும். ஆகவே ஓர் இரவு வாடகையில் இரண்டு காலைகள் கிடைக்கும். அறை பிற்பகல் மூன்று மணிக்குமேல்தான் தயாராகும் என்றாலும், காலையிலேயே போய்ப் பெட்டிகளை ஹோட்டலில் ஒப்படைத்துவிட்டுப் பூங்காவுக்குப் பேருந்து ஏறலாம். மேஜிக் கிங்டத்தை இந்த இரண்டு நாட்களில் ஒன்றில் வைத்துக்கொண்டால், ஏரிக்கரையில் காரை விட்டுப் படகுக்கு நிற்கும் வேலையும் இருக்காது.